வெயில் விழும் பக்கம்

இலையுதிர்கால மலைகளைப் படம் எடுக்க விடியற்காலைதான் நல்லது, ஐயா. வெயில் ஏறிவிட்டால் தூரத்து மலைகள் புகை படிந்ததுபோல் மங்கிவிடும். காற்றும் எழும்பிவிடும், மஞ்சள் இலைகள் அசைந்து படத்தில் குழம்பிப்போகும். கனடாவில் இருந்த காலத்தில், வேலை இல்லாத நாட்களில் கமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவேன். கை நடுக்கம் படத்தில் ஏறக் கூடாது என்று, கமரா தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கனடா அரசாங்கம் என்னைத் திருப்பி அனுப்பியபோது நான் கொண்டுவந்தது அந்தப் படங்களையும் ஒரு குளிர்ச்சட்டையையும்தான்.

இங்கே துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஸ்டூடியோ போட்டேன். சுவரில் அந்த மலைகளைப் பெரிதாக மாட்டினேன். டிலக்ஷன் அவற்றைப் பார்க்கத்தான் முதலில் வந்தான். அன்புவழிபுரத்தில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. தாய் றோஸ் அக்கா, தமக்கை லதுஷா, தகப்பன் இல்லை. கனடாவுக்குப் படகில் போக வேண்டும் என்று நின்றான். படகு ஏற்றுகிறவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அந்த மலையில் நிற்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்று போகும் முன் ஆசைப்பட்டான். என் குளிர்ச்சட்டையைப் போட்டு, பின்னணியை மாற்ற உதவும் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் பல படங்கள் எடுத்தேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை.

நெடுநாள் செய்தி வரவில்லை. படகுக்காரரைத் தேடிப் போனேன்.

"படகு நடுக்கடலில மூழ்கிப்போச்சு. ஒருத்தரும் மிஞ்சேல்லை," என்றார். வாயைத் திறந்தால் கூட்டிக்கொண்டு வந்தவன் நீதான் என்று சொல்லுவேன் என்றும் சொன்னார்.

றோஸ் அக்கா அதற்குள் சாப்பாட்டை விட்டிருந்தார். என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. கனடாத் தொலைபேசி இலக்கம் ஒன்று இன்னும் என்னிடம் இருந்தது. அதிலிருந்து டிலக்ஷனின் படத்தை அனுப்பினேன். பின்னால் என் மலை. சேர்ந்துவிட்டேன் அம்மா, காட்டுக்குள் வேலை, கதைக்க சிக்னல் போதாது, ஞாயிறுகளில் படம் அனுப்புவேன் என்று எழுதினேன். அன்று மத்தியானம் அக்கா சோறு சாப்பிட்டார். அதைக் குற்றம் என்பீர்களோ, எனக்குத் தெரியவில்லை.

லதுஷாதான் நம்பவில்லை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, படம் தெரிந்தவன் என்று என்னிடமே கொண்டுவந்தாள்.

"அண்ணா, மலையில வெயில் இடப்பக்கத்தால விழுது. தம்பியின்ர முகத்தில வலப்பக்கத்தால விழுது. அவன் உண்மையா அங்க நிண்டவனோ? பொலிசில காட்டிக் கேப்பம் எண்டு பாக்கிறன்."

அழுதுவிடுவாள்போல இருந்தாள். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்குத் தெரிந்தது. பனி கிடக்கும் இடத்தில் வெளிச்சம் அப்படித் திரும்பி அடிக்கும் என்றேன்.

பிறகு கவனமாக வேலை செய்தேன். வலப்பக்கத்தால் வெயில் விழும் மலை ஒன்றைத் தேடி எடுத்தேன். தலைமயிரைச் சுற்றி நின்ற பச்சை விளிம்பை நீக்கினேன். முகத்தைவிட மலை தெளிவாக இருந்தது. அதைக் கொஞ்சம் மங்கவிட்டேன். அடுத்த ஞாயிறு போன படத்தைப் பார்த்து லதுஷா அழுதே விட்டாள். பொலிசுக்குப் போகும் கதையை விட்டாள். தானும் தம்பியிடம் போவதாக நின்றாள். படகுக்காரரின் இலக்கத்தை என்னிடம்தான் கேட்டாள். கொடுத்தேன்.

தடுத்திருக்கலாமே என்கிறீர்கள். ஏன் என்று கேட்டிருப்பாள். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊரே என் வாசலில் வந்து நின்றிருக்கும். அக்காவும் தாங்கமாட்டார். அதே ஆள், அதேபோல ஓட்டை மீன்பிடிப் படகு, அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். போகிற கிழமை லதுஷாவை ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டேன். குளிர்ச்சட்டையைப் போட்டு, பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தினேன். காலை வெயில்போல, மாலை வெயில்போல, மப்பு வானம்போல, வெளிச்சத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுத்தேன். இத்தனை படம் ஏன் என்று சிரித்தாள். சில வருடங்களுக்குப் போதும்.

நிலாவெளிக் கரையில் ஒதுங்கிய உடல் அவளுடையதுதான். தெரிந்துதான் அனுப்பினேன், எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நீங்கள் இன்னும் அறிவிக்கவில்லை என்றீர்கள், நல்லது. என் தொலைபேசியை மட்டும் கொஞ்ச நேரம் தாருங்கள், ஐயா. நாளைக்கு ஞாயிறு, டிலக்ஷனின் படம் போகாவிட்டால் அக்கா சோற்றில் கை வைக்கமாட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படத்தையும் முடித்துவிட்டேன். அதை இப்போது அனுப்பமாட்டேன். இவ்வளவு கெதியாகப் போய்ச் சேர்ந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.