ஜெயராஜ் போடாத பூட்ஸ்

— இது யாரோட பூட்ஸுண்ணே?

— என்ன தம்பி ஜெயராஜு, சொந்தப் பூட்ஸையே தெரியாத மாதிரி கேக்கறே! பொங்கல் கப்புல செந்தூல்காரனுக்கு மூணு கோல் போட்டியே, அந்தப் பூட்ஸு! இதுக்காகவே கடையைச் சாத்திட்டுக் கிள்ளான்லேருந்து ரயிலேறி வந்திருக்கேன். ரெங்கசாமி தேத்தண்ணிக் கடைன்னா அங்க ஸ்டேஷன் பக்கம் தெரியாதவன் கிடையாது. ஒரே ஒரு கையெழுத்து, தம்பி. இங்க, மூக்கு மேல. பேனாவும் மைக்கூடும் நானே கொண்டாந்திருக்கேன்.

— என் பூட்ஸா?

— யாரு தம்பி அது, அந்தப் பக்கம் உக்காந்து சிரிக்கறது?

— பக்கத்து வூட்டு பவுனம்மாக்கா. எனக்கு ரெண்டு வேளை சோறு போடறவங்க.

— எனக்கென்ன வந்துச்சு, நான் பாட்டுக்கு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். நீங்க கையெழுத்து கேளுங்க ரெங்கசாமி அண்ணே. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி அவன் காலைக் கொஞ்சம் பாருங்க.

— பார்த்தேன்க்கா. கால்தான்.

— நல்லாப் பாருங்க. பெருவிரல் செந்தூலைப் பாக்குது, சுண்டுவிரல் பங்சாரைப் பாக்குது. தண்டவாளத்துக் கல்லுல ஏழு வருஷமா மண்வெட்டியோட நின்ன கால். அது எந்தப் பூட்ஸுக்குள்ள அடங்கும்?

— அண்ணே, நான் வெறுங்கால்ல ஆடறவன்லா. பொறந்ததுலேருந்து பூட்ஸு போட்டதில்ல.

— கேட்டுக்கிட்டீங்களா ரெங்கசாமி அண்ணே? பொறந்ததுலேருந்தாம்.

— இருக்காதே. சத்தியமா சொல்றேன், அன்னிக்கு நான் கோல் கம்பத்துக்கு ஒட்டினாப்புல நின்னேன். பூட்ஸு பந்துல பட்டதும் டமார்னு ஒரு சத்தம். பக்கத்துல நின்ன கொழந்தை அழுதுச்சு.

— அந்த டமாரு யாரு கால்லேருந்துண்ணே கேட்டுச்சு?

— சத்தியமா தம்பி...

— சத்தியத்தை விடுங்க. மேட்ச்சுக்கு வந்தீங்களா, வரலியா? எங்கிட்ட சொல்லுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

— வரலக்கா. கடவாப்பல்லு வீங்கி, முண்டாசு கட்டிக்கிட்டு வூட்டுல படுத்துக் கிடந்தேன். மறுநாள் கடைக்கு வந்தவங்க பேசிக்கிட்டாங்க. அதை வாங்கி நான் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அங்க தேத்தண்ணி குடிக்கிறவனுக்குக் கதை இல்லாம தொண்டைக்குள்ள இறங்காது. மூணு மாசமா தினம் ரெண்டு வேளை சொல்லியாச்சு. இப்ப எனக்கே நான் அங்க நின்ன மாதிரிதான் இருக்கு.

— அழுத கொழந்தை?

— அது போன வாரம் சேர்த்தது.

— சரி, இந்தப் பூட்ஸு உங்க கைக்கு எப்படி வந்துச்சுண்ணே?

— பழைய சாமான்காரன் ஒருத்தன் கொண்டாந்தான். 'அந்த மூணு கோல் மேட்ச்சுல ஓடின பூட்ஸு'ன்னான். அவ்வளவுதான், வாங்கி மார்போட அணைச்சுக்கிட்டேன்.

— யாரு வூட்டுல எடுத்தான்னு சொன்னானா?

— இல்லக்கா. இங்க பிரிக்பீல்ட்ஸ்லன்னான், அவ்வளவுதான்.

— அப்பாடா.

— என்னக்கா அப்பாடா?

— ஒண்ணுமில்லடா ஜெயராஜு. கீரையில புழு இருந்துச்சு, போயிருச்சு.

— அண்ணே, போட்டது யாரோ. அதுல என் கையெழுத்து எதுக்கு?

— கேளு தம்பி. முன்னாடி நான் துரைமார் கிளப்பு ஒண்ணுல தட்டு கழுவிக்கிட்டு இருந்தேன். அங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு கிரிக்கெட் மட்டை, விளிம்பெல்லாம் ஒடஞ்சது. ஒருநாள் பொட்டியைத் தொடைக்க மட்டையை வெளிய எடுத்து வச்சிருக்காங்க. நான் விறகுன்னு நெனச்சு அடுப்படிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். துரை ஓடி வந்தாரு பாரு, செருப்பு ஒண்ணு மாடிப்படியில, ஒண்ணு அடுப்படியில! எவனோ பெரிய ஆட்டக்காரன் ஆடின மட்டையாம், அவனே கையெழுத்துப் போட்டதாம். அன்னிக்கே முடிவு பண்ணேன். எங்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கணும், அதுல நம்மாளு பேரு இருக்கணும்னு.

— நல்ல ஆசைதாண்ணே.

— கண்ணாடிப் பொட்டி செஞ்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழமை தொறப்புன்னு பலகை மாட்டியாச்சு. கடைத்தெருவே வருது. கையெழுத்தில்லாம நான் போய் நின்னா அந்தத் தெருவுல இனிமே வாயைத் தொறக்க முடியாது. வாயைத் தொறக்காம நான் எப்படித் தேத்தண்ணிக் கடை நடத்துவேன்? நீயே சொல்லு.

— போட்டுக் குடுத்து அனுப்புடா ஜெயராஜு, பாவம். நாலு மணி வண்டியைப் பிடிச்சுப் போகட்டும்.

— என் கால் போகாத பூட்ஸுல என் கை எப்படிக்கா போகும்?

— ரொம்ப யோக்கியன். போன மாசம் எங்க வூட்டு வாழைத்தாரை வெட்டினது எந்தக் கை?

— அது பசிச்ச கை.

— பேசாம கிறுக்கு. எங்க வூட்டுக்காரர் குறி கேக்க பங்சார் தோட்டத்துக்குப் போயிருக்கார். நாலு மணிக்குள்ள வந்துருவார். வந்தா என்ன கூட்டம், எதுக்குப் பேனான்னு தோண்டுவார்.

— உங்க வூட்டுக்காரர் யாருக்கா?

— ரெஃப்ரி சின்னையா.

— அவரா! தம்பியோட நாலாவது கோலை ஆப்சைடுன்னு அழிச்சாரே!

— அவரேதான். அன்னிக்கு அவரு சோத்துல நான் உப்பு போடல. மூணு நாளைக்குப் போடல. அவருக்கு ஏன்னு இன்னும் தெரியாது.

— பவுனம்மாக்கா வேலி ஓரமா நின்னு ஒரு மேட்ச்சு விடாம பார்ப்பாங்கண்ணே. வர்ற சனிக்கிழமைதான் பார்க்க ஒண்ணும் இருக்காது.

— ஏன் தம்பி? செந்தூல்காரனோடதானே மறுபடியும்? நீ இல்லியா?

— நான் இல்லண்ணே. புதுச் சட்டம். 'வருகிற சனிக்கிழமை முதல், யாராக இருந்தாலும் வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கக் கூடாது.' போன வாரம் திங்கக்கெழமை சாயங்காலம் மீட்டிங் போட்டு, சின்னையா அண்ணன் கையிலயே காகிதத்தைக் குடுத்து வாசிக்க வச்சாங்க.

— அதை நான் சொல்றேன், கேளுங்க. செக்ரட்டரி கார்த்திகேசுவோட மருமகனுக்கு சிங்கப்பூர்லேருந்து பூட்ஸு வந்துச்சு. பூட்ஸு வந்த மறுவாரம் சட்டம் வந்துச்சு. எனக்கென்ன வந்துச்சு, நான் சொல்லல, ஊரு சொல்லுது.

— ஊருக்கு யாருக்கா சொன்னது?

— நான்தான்.

— ஒரு மேட்ச்சுல அந்தப் பையன் என் எடத்துல நின்னுட்டா அப்புறம் அது அவன் எடம்தாண்ணே. வாரம் ஆறு நாளு விடிகாலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் கல்லு கொட்டறேன். அந்த ஏழாவது நாளு ஒண்ணு இருக்குன்னுதான் ஆறையும் தள்ளறேன். அதுவும் போனா, நான் வெறும் கல்லு கொட்டறவன்.

— ஐயோ தம்பி... இரு, இரு. உனக்குப் பூட்ஸு வேணும். எங்கிட்ட பூட்ஸு இருக்கு!

— அண்ணே, அதெல்லாம் இவனுக்கு வேணாம். கையெழுத்தை வாங்கிட்டுக் கிளம்புங்க.

— நீங்க இருங்கக்கா. தம்பி, சனிக்கிழமை இதைப் போட்டு ஆடு. சாயங்காலம் அங்கேயே வச்சுக் கையெழுத்துப் போடு. உன் கால் போன பூட்ஸாயிரும். உன் எடமும் நிக்கும், என் பொய்யும் உண்மையாயிரும். ஞாயித்துக்கெழமை காலையில நான் பொட்டியைத் தொறக்கறேன்.

— குடுங்கண்ணே, போட்டுப் பார்ப்போம்... அட, கால் உள்ள போகுதே!

— போகுதா!

— இன்னொரு காலும் இதுக்குள்ளயே போகும் போல இருக்கு. எந்த யானைக்குண்ணே தைச்சாங்க?

— துணி அடைச்சுக்கலாம். நட பார்ப்போம்.

— பாருங்கண்ணே நடையை. முட்டை போட எடம் தேடற வாத்து.

— சிரிக்காதீங்கக்கா. கால்ல மரக்கட்டில் கட்டின மாதிரி இருக்கு. பந்து எங்க படுதுன்னே தெரியாது. ஆனா சும்மா ஓரத்துல நின்னாலும் எடம் போகாதுல்ல? சரிண்ணே, சனிக்கிழமை இதைத்தான் போட்டுக்கறேன்.

— கூடாது!

— ஏன்க்கா இப்படிக் கத்தறீங்க?

— உள்ள தேளு இருக்கும்.

— தட்டிப் பார்த்துட்டுத்தான் காலை விட்டேன்.

— ராசியில்லாத பூட்ஸுடா. தையல் விட்டுரும், மைதானத்து நடுவுல அடி தனியா, நீ தனியா நிப்பே. வேணாம். கழட்டு. அவர் வந்துருவார்.

— சின்னையா அண்ணன் வந்தா என்ன? அவருக்கும் இந்தப் பூட்ஸுக்கும் என்ன?

— அவரோடதுடா அது!

— யாரோடது?

— எங்க வூட்டுக்காரரோடது. ரயில் கார்டா இருந்து பென்ஷன் வாங்கிட்டு வந்தப்ப, ஒரு ஊதலும் இந்தப் பூட்ஸும்தான் கொண்டாந்தார். ஊதல் வச்சிருக்காருன்னுதானே அவரை ரெஃப்ரி ஆக்கினீங்க? தினம் கட்டில்ல உக்காந்து இதுக்கு எண்ணெய் தேய்ப்பார். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம், என் தலைக்கு ஒரு சொட்டு தேய்ச்சதில்ல. போன வாரம் செவ்வாக்கெழமை காலையில பழைய சாமான்காரன் வந்தான். தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு இரும்புச் சட்டி குடுத்தான்.

— அப்ப அவன் எங்கிட்ட சொன்னது...

— யாரோடதுன்னு கேட்டான். பேரைச் சொல்வேனா? மூணு கோல் மேட்ச்சுல ஓடினதுன்னு மட்டும் சொன்னேன். பொய்யா? ஓடுச்சு. இவன் கோல் போடறப்ப எல்லாம் பின்னாடியே ஓடுச்சு.

— நாலாவது கோலுக்கு ஓடலக்கா. ஓடியிருந்தா ஆப்சைடு இல்லன்னு தெரிஞ்சிருக்கும்.

— இப்ப அவர் குறி கேக்கப் போனதே இதுக்குத்தான். ஒன்பது நாளா தேடறார். அரிசிப் பானைக்குள்ள எல்லாம் கையை விட்டுப் பார்த்துட்டார். இதை இவன் மாட்டிக்கிட்டு மைதானத்துல நின்னா, பந்தையா பார்ப்பார்?

— அக்கா, பெரிய மனுஷரோட சாமான். நான் இங்கேயே வச்சுட்டுப் போயிடறேன். பலகையை எறக்கிடறேன். பொட்டியில வடையை அடுக்கி வச்சுக்கறேன், என்ன பண்றது.

— இருங்கண்ணே, அவசரப்படாதீங்க. அக்கா, சனிக்கிழமை சின்னையா அண்ணன் எதைப் போட்டுக்கிட்டு ஊதப் போறாரு?

— எதைப் போடுவார்? அந்த அளவுக்கு பாசார் பூரா சுத்தினாலும் செருப்புகூடக் கிடையாது. வெறுங்கால்தான்.

— சட்டம் என்ன சொல்லுது?

— 'யாராக இருந்தாலும்.'

— அப்ப முதல்ல யாரு வெளிய போகணும்?

— அடேங்கப்பா, தம்பி! ரெஃப்ரியே வெறுங்கால்ல நின்னா அவர் எவன் காலைப் பார்ப்பார்? ஆனா செக்ரட்டரி வேற ஆளைக் கூட்டிட்டு வந்தாருன்னா?

— வந்தவன் வெறும் வாயாலயா ஊதுவான்? ஊருக்கு ஒரே ஊதல். அது எங்க வூட்டுக்காரர் கழுத்துல கிடக்கு. தூங்கறப்பகூடக் கழட்டறதில்ல. குறட்டை விட்டா அதுவும் சேர்ந்து ஊதும்.

— அப்ப ரெங்கசாமி அண்ணே, இந்தப் பூட்ஸு பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கக் கூடாது. கிள்ளானுக்கே போகட்டும். பேனாவைக் குடுங்க.

— போடறியா தம்பி! மை சிந்தாம... பொறுமையா... என்ன இவ்வளவு நீளமா எழுதறே? உன் பேரு அவ்வளவு நீளமா?

— படிச்சுக்குங்க.

— 'இந்தப் பூட்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்காலால் நாலு கோல் போட்டேன். ஜெயராஜ்.' தம்பி, மூணு கோல்தானே?

— கையெழுத்து என்னோடதுண்ணே. கணக்கும் என்னோடதுதான்.

— நான் கடையில என்னன்னு சொல்றது? மூணு மாசமா பூட்ஸு டமார்னு...

— இத்தனை நாளு பார்க்காததைச் சொன்னீங்க. இனிமே கேட்டதைச் சொல்லுங்க அண்ணே. ரெஃப்ரியோட பூட்ஸு, அவர் அழிச்ச கோலு, வெறுங்கால்காரன் கையெழுத்து. கிள்ளான்ல வேற எவன்கிட்ட இருக்கு?

— ஆமா! ஆமாக்கா! இது பத்து வருஷத்துக்கு ஓடும்!

— ஆனா சனிக்கிழமை மேட்ச்சு முடியற வரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது.

— ரெண்டு நாளா? நானா? ...சரி. பல்லு வலின்னு முண்டாசு கட்டிக்கறேன்.

— பூட்ஸைச் சாக்குல போடுங்க. மேல இந்தக் கீரையைப் பரப்புங்க. பாலத்துப் பக்கம் போகாதீங்க, அந்த வழியாத்தான் அவர் வருவார். அந்தக் கொழந்தையையும் கதையிலேருந்து எடுத்துருங்க.

— அது மட்டும் இருக்கட்டுங்க்கா. நல்லா அழுவுது. வரேன் தம்பி! சனிக்கிழமை நானே நேர்ல வரேன், சத்தியமா!

— போயிட்டாரு. அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளு. உன் கேள்விக்கா பஞ்சம்?

— சட்டத்தை வாசிச்சது திங்கக்கெழமை சாயங்காலம்.

— அதுக்கு?

— பூட்ஸு போனது செவ்வாக்கெழமை காலையில.

— அதோ பாரு, வர்றார் உங்க ரெஃப்ரி. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, வெறுங்காலோட. நீ ஒண்ணும் தெரியாத மாதிரி நில்லு.

— அக்கா. நெசமாவே அந்த இரும்புச் சட்டிக்காகத்தான் குடுத்தீங்களா?

— சட்டி எனக்கெதுக்குடா? அடுப்படியில ஏற்கெனவே மூணு கெடக்கு.