அவள் பெயருக்கு அடுத்த பெயர்

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்து மேடையில் இருக்கும் துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, சோதனைக்கூடத்தில் என் மனைவியோடு நின்று உழைத்த பிள்ளைகளே, இரண்டு வீட்டுச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவளுடைய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் புகழ்ந்தார்கள். எனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அத்தனையும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் நான் எழுத்துக் கூட்டிப் படித்தது பெயர்கள் இருக்கும் வரி மட்டும்தான். அதையும் பெருமைக்காகப் படிக்கவில்லை. பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கப் படித்தேன்.

அவள் பெயர், ஒரு கமா, அடுத்து இதோ மேடை ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் பெயர். எதை எடுத்தாலும் இதே கதை. நான் தையற்காரன். என் பெயர் அவள் பெயரோடு அச்சானது ஒரே முறை, கல்யாணப் பத்திரிகையில். அதிலும் எழுத்துப் பிழை. இவருக்கோ வருஷா வருஷம் அச்சாகி உலகமெல்லாம் போகிறது. எந்தப் புருஷனுக்குத்தான் வயிறு எரியாது? வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் கமா. போன் அடித்தால், "டாக்டரம்மா, உன் கமா கூப்பிடுறாரு" என்பேன். "பொறாமையில வெந்துபோகாதீங்க, அந்தச் சட்டைக்குப் பட்டன் வைங்க" என்பாள். ஐயா, உங்களுக்கு இது இன்றுதான் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் செய்த ஆராய்ச்சி என்ன? ஒருமுறை கேட்டேன்.

"மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி அனுப்பும். மருந்து அந்தச் சேதிய எங்க தடுக்குது, எங்க விடுதுன்னு பாக்குறேன்."

"அப்ப நம்ம வீட்ட வச்சே எழுதலாமே. நான் அனுப்புற சேதி எதுவும் உனக்கு வந்து சேர்றதில்ல."

"சேருது. பதில் போடத்தான் நேரமில்ல."

அவள் எழுதியதை எடுத்துக்காட்டி எழுதியவர்கள் பல்லாயிரம் பேர் என்றார் துறைத்தலைவர். முகம் தெரியாத அவர்கள் மேலும் எனக்குப் பொறாமைதான். என் தையலை எடுத்துக்காட்டியவர் இதுவரை ஒருவர். எப்படித் தைக்கக் கூடாது என்பதற்கு.

கைநடுக்கத்துக்கான ஒரு மருந்தைப் பற்றிய கட்டுரைதான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது. சில ஆண்டுகள் கழித்து, அதே மருந்து நாளாக ஆக ஞாபகத்தைக் கெடுக்கிறது என்று அவளே கண்டாள். முன்பு எழுதியது தவறு என்று எழுத உட்கார்ந்தாள். முன்பு அவளோடு சேர்ந்து எழுதியவர்கள், எங்கள் பெயர் வேண்டாம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இந்தப் பேராசிரியர் மட்டும் வீடு தேடி வந்தார். நான் வெட்டிப் போட்டிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். "புகழ் வந்தப்ப பக்கத்துல நின்னேன். இப்ப மட்டும் எப்படி மேடம் நகர்றது?" என்றார். இன்று மருத்துவர்கள் அந்த மருந்தைக் குறைத்துத் தருவது அந்தச் சின்னக் கட்டுரையால். புகழுக்காக ஒட்டிக்கொண்டவர் என்று அவரைத் திட்ட எனக்கு இருந்த ஒரே காரணமும் அன்றைக்குப் போயிற்று. பொறாமை மட்டும் கூடியது.

இப்போது அவளுடைய கடைசிக் கட்டுரை பாதியில் நிற்கிறது. ஆய்விதழ்க்காரர்கள் கேள்விகள் கேட்டுத் திருப்பியிருக்கிறார்கள். பதில் போகாவிட்டால் அது வெளிவராது. பேராசிரியர் என்னிடம் வந்து, "அவங்க இல்லாம என்னால முடியாதுங்க, கட்டுரையத் திரும்ப வாங்கிக்கறேன்" என்று அழுதார். அழுகையிலும் என்னை முந்திவிட்டார்.

ஐயா, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்: அதை முடித்துக் கொடுங்கள். இறந்தவர் பெயர் இருக்கலாமா என்று குடும்பத்தாரைக் கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இறந்துவிட்டார் என்று காட்ட அவள் பெயரோரம் ஒரு சின்னக் குறி போடுவார்களாம். அந்தக் குறிக்குப் பிறகு வெற்றிடம் இருப்பதை என்னால் பார்க்க முடியாது. அங்கே கமா வேண்டும். அடுத்து நீங்கள் வேண்டும். பிள்ளைகளே, அவருக்குத் தோள் கொடுங்கள். உங்கள் வெள்ளை அங்கிகள் கிழிந்தால் தைத்துத் தருவது என் பொறுப்பு. கட்டுரை வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பொறாமைப்படுவேன். அது என் உரிமை.

கடைசியாக, எனக்குப் பின்னால் இருக்கும் படத்தைப் பற்றி ஒரு விளக்கம். அவள் விருது வாங்கியபோது எடுத்தது. பேராசிரியரும் பக்கத்தில் நின்றிருந்தார். அவரை வெட்டிவிடும்படி ஸ்டுடியோக்காரரிடம் சொல்லியிருந்தேன். வெட்டிவிட்டார். கேடயத்தின் மறு ஓரத்தைப் பிடித்திருக்கும் நான்கு விரல்கள் பேராசிரியருடையவை.