அரக்கு உடல், பொன் கரை

ஒரு நாகரிகத்தின் தரத்தை அதன் அட்டைப்பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம் ஐயா. வியாபாரிகள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது அரங்கமே எழுந்து நின்றது. பந்தி போட்டாயிற்று என்று அறிவித்ததும் அந்த நேரம்தான்.

நான் மேலாளராகச் சேர்வதற்கு முன் எங்கள் மரச்சாமான் கம்பெனியைப் பார்த்திருக்க வேண்டும். கட்டிலுக்குப் பழுப்புப் பெட்டி, சோபாவுக்கு நீலம், தொட்டிலுக்கு வெறும் சாக்கு. பார்த்தாலே குமட்டும். கட்டில் முதல் முக்காலி வரை ஒரே உடை கொடுத்தேன்: அரக்கு உடல், பொன் கரை, மூலையில் யாளி. நம் ஊரில் கல்யாணச் சீரைப் பிரிக்காமல் மண்டபத்தில் அடுக்குவார்கள் அல்லவா? எங்கள் பெட்டிகள் நின்றால் ஒரே தறியில் இறங்கிய புடவைகள் போல இருக்கும்.

டிராயர் வைத்த மர பீரோதான் மானத்தை வாங்கியது. பெட்டியின் நெற்றியில் மஞ்சள் ஸ்டிக்கர்; பீரோ ஒரு குழந்தையின் மேல் விழும் படம். உள்ளே, பீரோவைச் சுவரோடு இறுக்கும் கிளாம்ப், கடலைமிட்டாய்க் கவர் போன்ற பையில், ஸ்டேப்ளர் பின் அடித்து. தொட்டால் கை கழுவத் தோன்றும்.

முதலாளி பூவராகவனும் முகம் சுளித்தார். "சீர்வரிசையில சாவுப் படம் எதுக்குப்பா?" என்றார். ஸ்டிக்கரை எடுத்தேன். அரக்கு நிறப் பை அச்சாகி வரும்வரை கிளாம்பையும் நிறுத்தினேன்.

டிராயரை இழுத்துப் படி மாதிரி ஏறினால் பீரோ கவிழும் என்று வடிவமைப்புப் பிரிவின் பிரியதர்ஷினி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "கிளாம்புக்கு மேட்சிங் ஜாக்கெட் தைக்கிற வரைக்கும் கொழந்தைங்க ஏறாம காத்துக்கினு இருக்குமா சார்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுவாரம் அவளைத் தென்னேரி கிடங்குக்கு மாற்றினேன்.

பையின் பிளாஸ்டிக்கில் பொன் கரை ஒட்டவே இல்லை ஐயா. மாதிரிகள் வந்தன, திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தன, மறுபடி அனுப்பினேன். அதற்குள் முசரவாக்கத்துத் துளசிக்குச் சீராகப் போன பீரோ அவள் வீட்டில் நின்றது. அவளுக்கு மகன் பிறந்தான், நடந்தான், டிராயரில் கால் வைத்தான்.

கம்பெனி மாலையோடு நான்தான் போனேன். பெட்டி அழகாக இருந்ததால் தூக்கியெறிய மனம் வராமல் பரணில் வைத்திருந்தார்களாம். பையனைக் கிடத்திய ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்கு அந்த அட்டையைத்தான் அடியில் விரித்திருந்தார்கள்.

"ஒரு வார்த்த எழுதியிருந்தா சுவத்துல மாட்டியிருப்பமே சார்" என்றாள் துளசி.

ஈரத்தில் பொன் கரை உரிந்து, பழுப்பு தெரிந்தது. அருவருப்பாக இருந்தது. வாசலுக்கு வந்ததும் அச்சகத்துக்குப் போன் போட்டுக் கண்டித்தேன்.

கிளாம்பை நிறுத்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆபத்து தெரிந்தே செய்தாயா என்று கேட்டீர்கள். அப்படிச் சொல்ல முடியாது.

செவிலிமேட்டில் என் வீட்டிலும் அதே பீரோதான். வந்த அன்றே கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கிவிட்டேன். எங்களுக்குக் குழந்தை கிடையாது. பூனை ஏறும்.