சகிக்க முடியாத இளவரசன்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் ஒரு துணிப்பையும், அதன்மேல் தடித்த சரித்திர நாவலும் இருந்தன. படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

“இந்த இளவரசன் செத்தா நான் பொங்கல் வைப்பேன்க்கா.”

“அப்புறம் ஏன்டி அஞ்சாம் பாகம் வரைக்கும் படிக்கிற?”

“கதை அவ்வளவு நல்லாருக்கு. கோட்டை, கடல், சண்டை எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. இவனத்தான் சகிக்க முடியல. பொண்டாட்டிய அடிச்சிட்டு அழுவான். ஒடனே ஊரே சேர்ந்து அவனுக்காக அழுவுது.”

“ஒம் புருசனும் நேத்து வந்து அழுதாருடி. அதனாலதானே ஒன்னத் திரும்ப அவருகிட்ட கொண்டுபோய் விடுறேன்.”

தங்கை புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்த்தாள். தேயிலை மலைகள் வழுக்கிக்கொண்டு போயின. கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கேட்டாள்.

“அவன விட்டுட்டுப் போக அதுல ஒருத்திகூட இல்லியா?”

“மூத்த பொண்டாட்டி போனா, மூணாம் பாகத்துல. பிள்ளையத் தூக்கிக்கிட்டு படகேறிப் போனா. அதுக்கப்புறம் அவளப் பத்தி ஒரு வரிகூட இல்லக்கா. அவ என்ன ஆனான்னு தெரிஞ்சுக்கத்தான் இன்னும் படிக்கிறேன்.”

“பொழைச்சிருந்தா எழுதியிருப்பாங்கடி,” என்றாள் அக்கா. “எந்திரி, எறங்கணும்.”