கழுத்துக்குக் கீழே

— என் தலையை எங்க வச்சே?

— அண்ணா! நீ எப்படி உள்ள வந்தே? ஆபீஸ் மூடற நேரம். கீழே வாட்ச்மேன் யாரையும் விடமாட்டாரே.

— என்னைப் பார்த்தார். சுவத்துல இருந்த போஸ்டரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "போங்க சார்"னு கதவைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷம் வண்டி ஓட்டறேன், எவனாவது என்னை சார்னு கூப்பிட்டிருக்கானா? தலை போனதும் மரியாதை வந்துடுச்சு. சொல்லு பட்டதாரி, தலை எங்கே?

— மெதுவா பேசு. அடுத்த ரூம்ல டைரக்டர் இருக்கார். வர்றேன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?

— போன் செத்துப்போச்சு. வண்டியில சார்ஜர் வேலை செய்யல.

— எப்போலேர்ந்து?

— காலையிலேர்ந்து. ஏன்?

— ஒண்ணுமில்ல. உக்காரு முதல்ல. மூச்சு வாங்குது உனக்கு.

— எதுல உக்கார? எல்லா நாற்காலிக்கும் ரெண்டு பக்கமும் கைப்பிடி. உள்ள போயிடுவேன், வெளியே எடுக்க உங்க டைரக்டர் வந்து காலைப் பிடிச்சு இழுக்கணும். குண்டா இருக்கிறவங்களுக்காகவே ஆபீஸ் நடத்தறீங்க. குண்டா இருக்கிறவன் வந்தா உக்கார இடம் இல்ல.

— அந்தக் கட்டு மேல... இல்ல, இரு, அது வேண்டாம்.

— உக்கார்ந்தாச்சு. என்ன கட்டு இது?

— போஸ்டர்.

— நான்தானா?

— ஒட்டினது போக மிச்சம்.

— பரவாயில்ல. என் கனத்தை நானே தாங்கிக்கிறேன்.

— எங்கே பார்த்தே?

— எங்க கூல்டிரிங்ஸ் குடோன் கேட்டுக்கு எதிர்ல, பஸ் ஸ்டாப்புல. நேத்து சாயந்திரம். ஆள் உயரம். காலர்ல ஆரம்பிச்சு பெல்ட்ல முடியுது, நடுவுல பூரா வயிறு. குறுக்க சிவப்புல எழுத்து. "இதற்கான விலையை நீங்களும் கொடுக்கிறீர்கள். சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதிப்போம்." முதல்ல எனக்கே தெரியல. யாரோ பாவம்னு நினைச்சுட்டு வண்டியைத் திருப்பினேன். பார்த்தா, லோடு ஏத்தற பசங்க எல்லாம் அங்க நின்னு சிரிக்கிறானுங்க. ஒருத்தன் மார்க்கரை எடுத்து காலருக்கு மேல மூஞ்சி வரைஞ்சு வச்சிருக்கான். மீசை சரியா வந்திருக்கு, அதையும் சொல்லணும்.

— அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? தலை இல்லேன்னா யாருக்கும் அடையாளம் தெரியாதுன்னு...

— தெரியாதுன்னு?

— சொன்னாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தானாம். குண்டானவங்க படம்னா கழுத்தோட வெட்டிடணுமாம். அவங்க மரியாதைக்காக.

— யாரோட மரியாதைக்காக?

— கேளு முதல்ல. அந்தப் படத்தை நான் தேர்ந்தெடுக்கல. டிசைன் பண்றவங்க எங்க கம்ப்யூட்டர்ல கிடந்ததுல ஒண்ணை எடுத்துட்டாங்க. அச்சாகி வந்தப்புறம்தான் எனக்கே தெரியும்.

— அப்படியா? சரி. இந்தக் கட்டுலேர்ந்து ஒண்ணை உருவறேன். இதைப் பாரு. மேலேர்ந்து மூணாவது பொத்தான். என்ன கலர்?

— அண்ணா...

— மத்த பொத்தான் எல்லாம் வெள்ளை. இது ஒண்ணுதான் கறுப்பு. நீ பட்டம் வாங்கின அன்னைக்கு உன் பேரைக் கூப்பிட்டாங்க, நான் எழுந்து நின்னு கை தட்டினேன், இது டப்புனு தெறிச்சு முன்வரிசையில ஒரு அம்மாவோட கொண்டையில போய் உக்கார்ந்துச்சு. நீ மேடையிலேர்ந்து இறங்கி வந்து, உன் கறுப்பு அங்கியோட கைப்பட்டையிலேர்ந்து ஒரு பொத்தானைப் பிச்சே. யார்கிட்டயோ ஊசி வாங்கி, என்னை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி நீயே தச்சே. பல்லால நூலைக் கடிச்சே. லோடு ஏத்தற பசங்களே அந்தப் பொத்தானை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. தச்ச உனக்குத் தெரியாமப் போச்சா?

— தெரியும்.

— எப்போ தெரியும்?

— முதல்லயே தெரியும். நான்தான் கொடுத்தேன். இந்த மேஜையில உக்கார்ந்து நான்தான் வெட்டினேன். போதுமா?

— போதும்னு நான் இன்னும் சொல்லல.

— மீட்டிங் நடந்துச்சு. காசு கொடுத்து வாங்கற படமெல்லாம் வெளிநாட்டு ஆளுங்க. நம்மளை மாதிரி இருக்கணும், உழைக்கிற ஆள் மாதிரி இருக்கணும், யார்கிட்டயாவது இருக்கான்னு டைரக்டர் கேட்டார். எல்லாரும் அவங்கவங்க போனைத் தடவினாங்க. ஒருத்தர்கிட்டயும் இல்ல. அவங்க வீட்ல எல்லாம் காலையில பார்க்ல ஓடறவங்க. என்கிட்ட இருந்துச்சு.

— வரும்போது கண்ணாடி வழியா உங்க டைரக்டரைப் பார்த்தேன். எனக்கு அண்ணன் மாதிரி இருக்கார். அவர் வயித்தைப் போட்டிருக்கலாமே?

— அவர் கோட்டு போடுவார்.

— ஓ. கோட்டு போட்டா அதுக்கு யாரும் விலை கொடுக்க வேண்டாமா?

— சிரிக்க வைக்காதே. எனக்குச் சிரிக்கிற யோக்கியதை இல்ல இப்போ.

— ஏன் கொடுத்தே? அதைச் சொல்லு.

— அந்த ரூம்ல நான் வாயைத் திறந்தா எல்லாரும் அவங்கவங்க நகத்தைப் பார்ப்பாங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான். அன்னைக்குப் படத்தைக் காட்டினதும் நிமிர்ந்தாங்க. "இதுதான், இதுதான் வேணும்"னாங்க. யார் இவர்னு ஒருத்தர்கூடக் கேட்கல. நானும் சொல்லல.

— நீயும் சொல்லல.

— கோபப்படு. படணும். ஆனா எனக்கும் கோபம் இருக்கு, அதையும் கேளு. சர்க்கரை வியாதியால அப்பாவோட காலை எடுத்தப்போ ஆஸ்பத்திரி வராண்டாவுல நீயும் நானும்தானே நின்னோம்? அவர் ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் குடிப்பார்னு உனக்குத் தெரியும், நீதான் கொண்டுவருவே. நசுங்கினது, மூடி கசியறது, தேதி முடியப்போறது எல்லாம் உங்களுக்குத்தான்னு கம்பெனி அள்ளிக் கொடுத்துச்சு. நாம அதை வரம் மாதிரி வாங்கினோம். நம்ம வீட்ல விருந்தாளி வந்தாலும் அதுதான், விக்கல் வந்தாலும் அதுதான். உன் குடோன்ல இன்னைக்கும் குடிக்கத் தண்ணிக் குழாய் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கக்கூஸுக்குப் பின்னாடி. கூல்டிரிங்ஸ் மட்டும் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கலாம். நீ சொன்னதுதானே?

— நான் சொன்னதுதான். சாப்பிடும்போது சொன்னேன். என் தங்கச்சிகிட்ட சொன்னேன். ஆபீஸ்கிட்ட சொல்லல.

— அதுக்குத்தான் வரி வேணும்ங்கறேன். விலை ஏறினா ஜனங்க குடிக்கிறதைக் குறைப்பாங்க, இல்லேன்னா கம்பெனி சர்க்கரையைக் குறைக்கும். ரெண்டுல எது நடந்தாலும் நமக்கு நல்லது. உன் பொண்ணோட ஸ்கூல் வாசல்ல தண்ணி பாட்டிலை விட அது மலிவா விக்குது. அவளுக்கும் ஒரு கால் போகணுமா? நாளைக்குக் காலையில நகரசபையில ஓட்டு. ரெண்டு பேர் அந்தப் பக்கம் சாய்ஞ்சா எல்லாம் போச்சு. இந்த நேரத்துல வந்து ஒரு பொத்தானைக் காட்டறே!

— வரி தப்புன்னு நான் சொன்னேனா?

— சொல்லலையா?

— அது நல்லதா கெட்டதான்னு என் முட்டியைக் கேளு. இந்த மாடி ஏறி வர்றதுக்குள்ள பாதிப் படியில உக்கார்ந்துட்டேன். வரி போடு. ரெண்டு மடங்கா போடு. நீ கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

— சொல்லியிருப்பே.

— ஒண்ணுதான் சொல்லியிருப்பேன். தலையோட போடுன்னு. தண்ணி இல்லாத குடோன்ல இவன் எதைக் குடிச்சான், யாரைப் படிக்க வைக்க அந்த வண்டியை ஓட்டினான், எல்லாத்தையும் இவனே வாயால சொல்லட்டும்னு சொல்லியிருப்பேன். நீ வாயை வெட்டிட்டு வயித்தை மட்டும் எடுத்துக்கிட்டே. "விலையை நீங்களும் கொடுக்கிறீர்கள்." யாருடி கொடுத்தா? யாருக்கு யார் கொடுத்தா?

— அண்ணி பார்த்தாங்களா?

— பார்த்தா. ராத்திரியே அந்தச் சட்டையைத் துவைச்சா, இன்னைக்குக் காலையில மடிச்சு ஒரு பையில போட்டு, "இதை முதல்ல வீட்டை விட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னா. அவ்வளவுதான். அப்புறம் வேலைக்குப் போனேன். போனதும் மேனேஜர் கூப்பிடறார்னாங்க.

— தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— உங்க கம்பெனி வக்கீல் இங்க போன் பண்ணினார். உங்க போஸ்டர்ல இருக்கிற ஆள் இதோ என் எதிர்ல உக்கார்ந்திருக்கார், கேட்காம படத்தைப் போட்டுட்டீங்கன்னு நாளைக்கு சபையில வந்து சொல்லப்போறார்னு.

— உக்கார்ந்துதான் இருந்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள போனைப் போட்டுட்டார். ஏசி ரூம். அந்தக் கதவை நான் தாண்டினதே கிடையாது. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒண்ணு எங்கேர்ந்தோ கொண்டுவந்து போட்டிருந்தாங்க. எனக்காகவே. யோசிச்சிருக்காங்க பாரு. குடிக்க என்ன கொடுத்தாங்க தெரியுமா?

— என்ன?

— தண்ணி. கண்ணாடி டம்ளர்ல. அவங்களும் அதைத்தான் குடிச்சாங்க.

— என்ன கேட்டாங்க?

— அதே சட்டையைப் போட்டுட்டு சபைக்கு வரணும். போஸ்டர் பக்கத்துல நிக்கணும். இது நான், என் சொந்தத் தங்கச்சியே என்னைக் கேட்காம இப்படிப் பண்ணிட்டான்னு சொல்லணும். அதுக்கப்புறம் நான் பெட்டி தூக்க வேண்டாம். சூப்பர்வைசர். ஃபேனுக்குக் கீழே உக்கார்ந்து லோடை எண்ணினா போதும்.

— தலையை ஆட்டிட்டே.

— நீயே முடிவு பண்ணிட்டியா?

— வேற என்ன பண்ணியிருப்பே? முட்டி வலி, ஏசி, நாற்காலி. அவங்களுக்குத் தெரியும் எங்க தட்டணும்னு. அப்பா காலைத் தின்ன கம்பெனி அது! ஒரு டம்ளர் தண்ணியை மரியாதையா நீட்டினா போதும், நம்ம ஆளுங்க உடனே...

— நம்ம ஆளுங்க?

— கோபத்துல வந்துடுச்சு.

— வரட்டும். அந்த மீட்டிங் ரூம் உன் வாய்க்குள்ளயே வந்துடுச்சு, வேறென்ன. ஒண்ணு மட்டும் கேட்கறேன். வக்கீல் போன் பண்ணினது காலையில. இப்போ பொழுது சாயுது. நடுவுல எனக்கு ஒரு போன் போட்டியா? "அண்ணா, நிஜமாவா?"ன்னு ஒரு வார்த்தை?

— உன் போன்தான் செத்துப்போச்சே.

— அது இப்போ நான் சொல்லித்தானே உனக்குத் தெரியும்?

— போடல.

— ஏன்?

— பயம். நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு.

— நல்லா படிச்சே போ. சரி, இந்தா, இந்தப் பையைப் பிடி.

— என்ன இது?

— அந்தச் சட்டை. நீயே வச்சுக்கோ. யார் வந்து தேடினாலும் எங்க வீட்ல கிடைக்கக்கூடாது.

— நாளைக்கு இதைத்தானே போட்டுட்டுப் போகணும்?

— நான் போகல.

— என்னது?

— அது நான் இல்லேன்னு சொல்லிட்டேன். மேனேஜர் போஸ்டரை மேஜை மேல விரிச்சுப் போட்டு, நல்லா பாருங்கறார். பார்த்தேன். யாரோ சார்ன்னேன். பொத்தானைக் காட்டினார். ஊர்ல கறுப்புப் பொத்தான் ஒண்ணுதான் இருக்கான்னேன். அந்தச் சட்டை எங்கேன்னார். வண்டியில என் சீட்டுக்கு அடியிலதான் கிடந்துச்சு. கிழிச்சு வண்டி துடைக்கிறேன் சார்ன்னேன். "உன் தங்கச்சி அங்கதானே வேலை பார்க்கிறா?"ன்னார். "பார்க்கிறா சார், ஆனா என் தங்கச்சி அப்படிப் பண்றவ இல்ல"ன்னேன். வக்கீல் சிரிச்சுட்டார். மேனேஜர் சிரிக்கல. அப்பவே வெளியூர் லோடு ஒண்ணைத் தலையில கட்டி அனுப்பிட்டார். போய் இறக்கிட்டு நேரா இங்கதான் வர்றேன்.

— அண்ணா...

— அழாதே. உனக்காகப் பண்ணல. அப்பா காலுக்காகப் பண்ணினேன். நாளைக்கு ஓட்டு நடக்கட்டும், வரி வரட்டும். அப்புறம் நீயும் நானும் பேசிக்கலாம். பேசாமலும் இருக்கலாம். ஆனா அதை நம்ம வீட்டுக்குள்ள வச்சுக்கலாம், கோட்டு போட்டவங்க முன்னாடி வேண்டாம். கையைக் கொடு, எழுந்திரிக்கணும்.

— கொஞ்ச நேரம் இரேன்.

— உங்க அண்ணி காத்துட்டிருப்பா. போன் வேற இல்ல, பயந்துடுவா.

— நேரா வீட்டுக்குப் போகாதே.

— ஏன்?

— வாசல்ல ஆளுங்க நிப்பாங்க. கேமராவோட.

— யாரு, கம்பெனி அனுப்பினதா?

— கம்பெனி இல்ல.

— பின்னே யாரு? கையை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறே? வாயைத் திறந்து சொல்லேன்.

— வந்ததும் கேட்டியே, தலை எங்கேன்னு. மத்தியானமே எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பிட்டேண்ணா. முழுப் படம். உன் பேரைப் போட்டு, கம்பெனிகிட்ட விலைபோனவன்னு என் கையாலேயே எழுதி.