துணி மட்டும் போதும்

"ஹலோ... ம், சொல்லு... கேக்குது, மிஷினை நிறுத்திட்டேன்... இல்லடா, இன்னும் சாப்பிடல... ஆமா, ஆமா, யூனிபார்ம்தான். ஸ்கூல் தொறக்கப் போகுதுல்ல. பிள்ளைங்க எல்லாம் லீவுல ஒரே மூச்சா வளந்துடுச்சுங்க, எல்லாருக்கும் நாளைக்கே வேணுமாம்... நல்லாருக்கேன்... கால் வலி பரவால்ல... சின்னவனே, சுத்தி வளைக்காத. நீ மத்தியான நேரத்துல கால் வலியை விசாரிச்சா ஏதோ வேணும்னு அர்த்தம். என்ன வேணும்?"

தையல்காரி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தைத்த நீல நிறச் சட்டையிலிருந்து நூல் பிசிறுகளை வெட்டினாள். வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டிய துணித் துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன. தம்பி எதையாவது கேட்பதற்கு முன்னால் இப்படித்தான் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவான். பிறந்ததிலிருந்தே அப்படி.

"டென்ட்டா?... எந்த டென்ட், பெரிய டென்ட்டா?... எதுக்கு?... யாருக்கு?... உன் பொண்டாட்டி ஆபீஸ்ல, சரி. அவங்க குடும்பத்தோட போறாங்களா... எங்க?... தெரியாதா. ம்."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். போன மாதம் இதே தம்பியிடம் தானாக வாய்விட்டுக் கேட்டிருந்தாள், இந்த வருஷமும் எல்லாரும் டென்ட்டோடு ஏரிக்கரைக்குப் போகிறோமா என்று. யாருக்கும் லீவு இல்லை அக்கா என்றான். சரி என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டதிலிருந்து ஒரு வாரம் அவளுக்கு எந்தத் துணியும் நேராக வெட்டுப்படவில்லை. வருஷம் முழுக்கக் குனிந்தே இருக்கிறவளுக்கு நிமிர்ந்து உட்கார இருந்த இடம் அந்தக் கரை ஒன்றுதான்.

"யாரோ போறாங்க, நாமதான் போகல. நல்லாருக்கட்டும்... இல்ல, கோபமில்ல. எடுத்துட்டுப் போகச் சொல்லு. அலமாரி மேலதான் கிடக்கு, நான் தொடவே இல்ல. ஒன்னு மட்டும் சொல்லிடு, அது பழைய இரும்புக் கம்பி டென்ட். கம்பியை மாத்திச் சொருகினா வளைஞ்சிடும். நடுக் கம்பி முதல்ல, அப்புறம்... என்ன?... என்னடா சொன்ன?... துணி மட்டும் போதுமா?"

எதிர்ப்பக்கம் பேச்சு நின்றது. அவளும் பேசவில்லை. தெருவில் யாரோ இரும்புக் கதவு ஒன்றைத் தள்ளி மூடுகிற சத்தம் கேட்டது. மௌனம் அவளுக்குப் பழகிய சாமான். நூலைப் போல அதை எவ்வளவு நீளத்துக்கும் இழுப்பாள். தம்பியால் அது முடியாது.

"பேசுடா... துணியை மட்டும் வச்சு என்ன பண்ணுவாங்க, போத்திக்கிட்டுத் தூங்குவாங்களா?... கம்பி அவங்க வாங்கிப்பாங்களா. அந்த அளவுக் கம்பி எந்தக் கடையில விக்குது?... இரு. வைக்காத. இரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அலமாரி மேலிருந்த நீளப் பையை இழுத்தாள். அது வந்த லேசிலேயே புரிந்துவிட்டது. ஜிப்பைத் திறந்தால் பச்சைத் துணி, கயிறு, தரையில் அடிக்கிற முளைகள். கம்பி இல்லை.

புருஷனும் அவளும் பிரிந்த அன்றைக்குச் சாமான்களைப் பிரித்தார்கள். காரை அவன் எடுத்துக்கொண்டான், டென்ட்டை அவள் எடுத்துக்கொண்டாள். கம்பிப் பை அதற்கு முந்தைய பயணத்திலிருந்து காரின் டிக்கியிலேயே கிடந்திருக்கிறது. காரோடு போய்விட்டது. ஒரு டென்ட்டை உடலும் எலும்புமாக ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஹலோ... இருக்கேன். கம்பி இங்க இல்ல. அது உனக்கு எப்படிடா தெரியும்?... யாரு?... யாரு சொன்னாரு?... இன்னொரு தடவை சொல்லு, காதுல விழல... மாமாவா."

அந்த வார்த்தையை அவள் வெகு மெதுவாகச் சொன்னாள்.

"யாருடா மாமா உனக்கு? கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு நான் அவருக்கு யாருமில்லன்னு ஆயாச்சு. உனக்கு மட்டும் மாமா எங்கிருந்து வந்தாரு?... வாய்ல வந்துடுச்சா. வரும், வரும். பழக்கம் விட்டுப் போயிருந்தா வராது. ஆக தெனம் பேசிக்கிறீங்க... அக்கா பகை, மாமா உறவா?... சத்தம் போடல. இது சத்தமில்ல. சத்தம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்."

"...அப்போ ஆபீஸ்காரி யாரும் இல்ல. நீங்கதான் போறீங்க... ஆமாவா இல்லையா... யாரு யாரு?... கண்ணாடிக் கடைக்காரரும் நர்ஸும் வர்றாங்களா. அவ நேத்துகூட இங்க வந்து ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துட்டுப் போனா! கையைத் தூக்கு, இறக்குன்னு அவளைத் திருப்பித் திருப்பி அளந்தேன், ஒரு வார்த்தை மூச்சு விடல. அளவெடுக்கிற நேரத்துல அவ்வளவு கம்முனு நின்னப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

நர்ஸும் அவள் புருஷன் கண்ணாடிக் கடைக்காரரும் முதல் பயணத்திலிருந்து கூட வருகிறவர்கள். அந்த முதல் பயணத்தைத் தொடங்கியது தையல்காரிதான். மற்ற எல்லாரும் பாம்பு வரும், கொசு வரும் என்று பின்வாங்கியபோது, வந்தால் வரட்டும் என்று கிளம்பியவள். விறகு ஈரமாயிருந்தால் எப்படிப் பற்றவைப்பது, சமையலைக் காற்றுக்கு எந்தப் பக்கம் வைப்பது எல்லாம் தப்புத் தப்பாகச் செய்து அவர்கள் சேர்ந்தே கற்றுக்கொண்டது. ஒருமுறை மழை பிடித்துக்கொண்டு சின்ன டென்ட்டெல்லாம் மிதக்க, எல்லாரும் இந்தப் பச்சை டென்ட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். யார் கால் யார் மேல் என்று தெரியாமல் விடிய விடியச் சிரித்தார்கள்.

"ஏரியை உனக்குக் காட்டினதே நான்டா. கயித்துல முடிச்சுப் போடத் தெரியுமா உனக்கு? அந்த மழையில, டென்ட்டுக்குள்ள தவளை வந்துடுச்சுன்னு என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சவன் நீ. கல்யாணம் ஆகி, பொண்டாட்டி பக்கத்துல இருக்கும்போது! இன்னைக்குத் தவளை மாதிரியே வாயால கெட்டுப் போன... சிரிக்காத. நான் சிரிப்புக் காட்டல."

"...என்ன காரணம்? சொல்லு. கேக்குறேன். உன் காரணத்தையும் கேட்டுக்கிறேன்... ம்... ம்... ஆமா... ஆமா, அன்னைக்குச் சண்டை போட்டோம். இல்லங்கல."

இதைக் கேட்கும்போது அவள் துணியைத் தரையில் விரித்து மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பயணம். டென்ட் ஜிப்பை யார் திறந்து போட்டது என்பதில் தொடங்கிய பேச்சு, கல்யாணமான முதல் நாள் வரை போய்த் திரும்பியது. மற்றவர்கள் அவரவர் டென்ட்டில் தூங்குகிற பாவனையில் விடியும்வரை கிடந்தார்கள். காலையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பெரிய துணியை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிரே நின்று, பேசாமல் இழுத்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே இழுத்தார்கள். கிழிந்த மூலை இதோ இருக்கிறது, ஒரு கை நுழைகிற அளவு. ஊர்த் துணியையெல்லாம் தைக்கிறவள் இதைத் தைக்கவில்லை. பையைத் திறக்கவே இல்லை.

"சரி, உங்க பயணத்தைக் கெடுத்தோம். ரெண்டு பேரும் சேர்ந்துதானே கெடுத்தோம்? அவர் தனியா சண்டை போட்டாரா, நான் தனியா போட்டேனா? அப்புறம் எப்படி அவருக்கு மட்டும் இடம் இருக்கு?... காரா. ஓஹோ, காரு அவர்கிட்ட இருக்கு. உங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போக ஆள் வேணும். நான் ஏத்திக்கிட்டுப் போறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு, தையல் மிஷின்தானே... வேற காரணமா? அப்போ சொல்லு... முழுங்காத, சொல்லு."

"...சின்னவனே. அங்க யாரோ இருமுறாங்க... டிவியா? டிவி எப்போ இருந்து கண்ணாடிக் கடைக்காரர் மாதிரி இருமுது?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? எல்லாரும் சுத்தி உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

யாரும் மூச்சுவிடவில்லை என்பது தெளிவாகக் கேட்டது. அவள் தரையில், துணியின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கூடத்தில் சோபாவைச் சுற்றி அத்தனை பேரும் அந்தப் போனையே வெறித்துக்கொண்டு இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாரையும் தெரிந்தவளுக்கு யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுவரை தெரியும்.

"நல்லது. எல்லாரும் கேட்டுக்கங்க. நாங்க பாத்திரத்தைப் பிரிச்சோம், பாயைப் பிரிச்சோம், சுவர்ல இருந்த கடிகாரத்தைக்கூடப் பிரிச்சோம். மனுஷங்களைப் பிரிக்க மறந்துட்டோம். அந்த வேலையை நீங்களே உக்காந்து முடிச்சுட்டீங்க. என்னை எந்தப் பக்கம் போட்டீங்கன்னு சொல்லக்கூட யாருக்கும் தோணல. துணிதான் வேணும்னு தோணுச்சு... யாரு பேசுறது? யாரா இருந்தாலும் வாயைத் திறந்து..."

"...நீங்களா."

அவள் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

"...நல்லாத்தான் இருக்கேன். இருக்கக் கூடாதா?... இல்ல. ஸ்பீக்கரை முதல்ல அணைங்க... ம். இப்போ சொல்லுங்க... நான் வரலன்னு சொன்னேனா? எப்போ? யாருகிட்ட?... அவனா சொன்னான்? என்கிட்ட யாருக்கும் லீவு இல்லன்னான். உங்ககிட்ட நான் வரலன்னுட்டேன்னானா. நல்லா இருக்கே நியாயம். ரெண்டு பக்கமும் அளந்து வெட்டியிருக்கான். என்கிட்ட தொழில் கத்துக்கிட்டிருக்கலாம்."

"...வேண்டாம். எனக்காக நீங்க வராம நின்னுக்க வேண்டாம். விட்டுக் கொடுக்கிற பழக்கம் புதுசா எங்க வாங்குனீங்க? கூட இருந்தப்போ ஒரு ஜன்னலைச் சாத்துறதுக்கு விட்டுக் கொடுத்ததில்ல... கம்பியைக் கொண்டுவந்து இங்க குடுத்துட்டுப் போறீங்களா. எதுக்கு? கடைக்குள்ள டென்ட் அடிச்சு நான் ஒத்தையா உக்காரவா?... தெரியும்னா ஏன் சொல்லல? கம்பி உங்ககிட்ட இருக்குன்னு அன்னைக்கே தெரியும்தானே?... ம்."

அவன் காரணத்தைச் சொன்னான். சொன்னால் அதையும் கேட்டு வாங்கிவிடுவாள் என்று இருந்தானாம். கம்பி கையில் இருந்தால் என்றைக்காவது துணி இருக்கிற இடத்துக்கு ஒரு போன் போடக் காரணம் இருக்குமே என்றும் இருந்தானாம். போடவில்லை. தம்பியைப் போடச் சொல்லியிருக்கிறான். எல்லாக் காரியத்துக்கும் அவனுக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

"...இதைக் கேட்டு நான் உருகணுமா? உருகல. போனை அவன்கிட்ட குடுங்க... குடுங்கன்னேன்ல."

அவள் துணியின் கிழிந்த மூலையை இழுத்துக்கொண்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஊசியில் சீருடைக்குப் போட்ட நீல நூல்தான் இருந்தது. பச்சைத் துணியில் நீல நூல். வாடிக்கைக்காரர் துணியில் அப்படிச் செய்தால் கையை வெட்டிக்கொள்வாள். மாற்றவில்லை. மிதித்தாள்.

"சின்னவனே, குறுக்கே பேசாம கேளு. துணி என்னோடது. துணி வர்ற இடத்துக்கு நான் வருவேன். நீ கூப்பிட்டு நான் வரல, நீ கூப்பிடவும் இல்ல... என்ன சத்தமா? யூனிபார்ம். தைக்கிறேன்... அவரும் வரட்டும். எனக்கென்ன. அவர் கார்லயே படுத்துக்கட்டும், நல்லா குறட்டை விடலாம்... சண்டையா? போட மாட்டேன்னு சொல்ல மாட்டேன். வந்தா போடுவேன். காதுல பஞ்சு வச்சுக்கங்க. போன தடவை மாதிரி தூங்குற மாதிரி நடிக்காதீங்க, அதுதான் அசிங்கமா இருந்துச்சு. ஒருத்தராவது எழுந்து வந்து நிறுத்துங்கன்னு சொன்னீங்களா?... சொல்லல."

"...அழாத. நீ பண்ணினதுக்கு நான்தான் அழணும். நர்ஸுகிட்ட சொல்லு, அவ ஜாக்கெட்டு இந்த ஜென்மத்துல ரெடி ஆகாது... இல்ல, உன்னை மன்னிக்கல. ஏரியில வச்சுப் பேசிக்கிறேன். அங்க தவளை இருக்கு, நான் இருக்கேன். எதுக்குப் பயப்படுறதுன்னு முடிவு பண்ணிக்க."

ஊசி மூலையைத் திரும்பி வந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தித் தையலை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிடித்தது.

"...ம், சரி. ஒன்னு, மறக்காம சொல்லு. கம்பி முனையை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைச்சு எடுத்துட்டு வரச் சொல்லு. டிக்கியிலயே கிடந்தது, துரு ஏறியிருக்கும். முனை சொரசொரப்பா இருந்தா மறுபடி இதே மூலைதான் கிழியும். நீ மறந்துடுவ, இப்பவே சொல்லு உங்க மாமாகிட்ட..."

எதிர்ப்பக்கம் சட்டென்று அமைதியானது. பிறகு ஸ்பீக்கர் இன்னும் அணைக்கப்படவில்லை என்று தெரிகிற மாதிரி யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வை போனை," என்றாள் அவள். அவன் வைப்பதற்குள் தானே வைத்தாள்.