முதலாளியின் வண்டி நிற்கிறது

இந்த அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் சரோஜம்மாள் அவர்களே, இரும்போடு போராடி இளமையைக் கொடுத்த பெரியோர்களே, பிள்ளைகள் தொடங்கிய கம்பெனியைக் காண வந்திருக்கும் தாய்மார்களே, ஓசூரில் தொழில் தொடங்கித் தூக்கம் தொலைத்த தோழர்களே, கோவிந்தப்பனின் பணிவான வணக்கம்.

உழைப்பின் உயர்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மன்னியுங்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கண்காணிக்கும் கருவி செய்கிறோம், என்னோடு எட்டுப் பேர். ஆறு மணிக்கு வேலை முடியும். ஏழாகும், ஏழரையாகும், ஒருவரும் எழமாட்டார்கள். என்ன ஈடுபாடு, என்ன எழுச்சி, என்ன ஏற்றம் என்று பூரித்தேன். இவர்கள் இருக்கும்போது முதலாளி எழலாமா என்று நானும் உட்கார்ந்தேன்.

ஒரு நாள் சௌமியா ராஜினாமாக் கடிதம் நீட்டினார். அந்தக் கருவிக்கு மென்பொருள் எழுதியவரே அவர்தான். அவர் போனால் கருவி ஊமை. என்னம்மா குறை என்றேன்.

"குறையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். உங்க வண்டி வெளிய நிக்குது. அது நிக்கறப்ப நாங்க எப்படி எந்திரிச்சுப் போறது?"

"நீங்கள்லாம் இருக்கீங்கன்னுதானேம்மா நான் உக்காந்திருந்தேன்?"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் கம்பெனி வாசலிலும் வண்டி நிற்கிறது.

என்ன கூத்து ஐயா இது? அவர்களுக்காக நான், எனக்காக அவர்கள். வேலைக்காக இருந்தது யார்? வீட்டில் காத்திருந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நாளையிலிருந்து ஆறு மணிக்கே கிளம்பலாம் என்று கெஞ்சினேன்.

"இல்ல சார், பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவுல வேலை கெடச்சிருக்கு. அங்க ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் எடுத்துருவாங்க. யார் மூஞ்சியும் பாக்க வேண்டியதில்ல."

போய்விட்டார். சம்பளம்கூட அதிகமில்லை. ஒரு பேருந்திடம் தோற்றேன் நான்.

அப்புறமாவது திருந்தினோமா? மறுநாள் ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏழரைக்கு எங்கள் ஊழியர் அர்பாஸைப் போனில் அழைத்தால், தம்பி ஆபீஸில்தான் இருக்கிறார்.

"நீங்க டீ குடிக்கப் போயிருக்கீங்கன்னு நெனச்சோம் சார்."

தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்ய?

உட்காருவதா உழைப்பு? உடல் நோவதா உயர்வு? தோழர்களே, "நான் கிளம்புறேன், நீங்களும் கிளம்புங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலாளி சொல்லாத அனுமதியை எந்த ஊழியரும் தானாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்திருக்க வேண்டும். இப்போது ஆறேகால். தலைவர் எழாமல் நாம் எப்படி எழுவது என்று இங்கே இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு நன்றி, அனைவருக்கும் வணக்கம். சரோஜம்மா, தயவுசெய்து முதலில் நீங்கள் எழுந்திருங்கள்.